ஒத்தைக் கொலுசுக்கு ஒன்பது ராஜாக்கள்

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி மூன்றாம் வெள்ளி. காலையில் கூழ் காய்ச்சித் தெருவில் பதினாறு வீட்டுக்கு ஊற்றியாயிற்று. கேழ்வரகு மாவு போன வருஷத்தைவிட அரைக் கிலோ கூடுதல். குறிப்பில் ஏற்றிவிட்டேன்.

பிறகு பூஜை வெள்ளியை எடுத்தேன். காமாட்சி விளக்கு, குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், கடைசியாக என் ஒன்பது ராஜாக்கள். மற்றவர்கள் மாதிரி பல்பொடியும் எலுமிச்சம்பழமும் நான் போடுவதில்லை. காய்ந்த விபூதி, பழைய வேட்டித் துணி, அவ்வளவுதான். ஒவ்வொரு காசிலும் ஒரு பக்கம் ராஜாவின் முகம், மறு பக்கம் அம்மன். கையில் கேடயம், இன்னொரு கையில் இடியை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். அம்மன் பக்கத்தை முதலில் துலக்குவேன். நிலா மாதிரி வந்துவிடும்.

மாலையில் அவர் ஒரு படிவத்தோடு வந்தார். நாணயச் சங்கத்தின் கண்காட்சி இந்த மாதம் 31ஆம் தேதி தொடங்கி இரண்டு நாள். ஒன்பது காசையும் வைக்கக் கேட்டிருக்கிறார்களாம். 'தொகுப்பின் பெயர்' என்ற இடத்தில் தன் அழகான கையெழுத்தில் தன் பெயரைப் போட்டு 'ஏகாம்பரம் தொகுப்பு' என்று எழுதியிருந்தார். ராணுவத்தில் இருபது வருஷம் கிளார்க். எழுத்து அச்சுப் போலத்தான் இருக்கும்.

"சரிதானே பாக்கியம்?" என்றார்.

சரி என்றேன். எனக்கெதற்குப் பெயர். அம்மன் கொடுத்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மனசு அதிலேயே இருப்பதால் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எப்போதாவது யாராவது கேட்டால் விவரம் இருக்கட்டும்.

1987இல் பதான்கோட்டில் குவார்ட்டர்ஸ். பக்கத்துச் சந்தில் வெள்ளித் தட்டான் வீடு. அவன் மனைவி கமலேஷுக்கு நான் இட்லி கொண்டுபோய்க் கொடுப்பேன், அவள் எனக்கு இந்தி சொல்லிக்கொடுப்பாள். ஒருநாள் அவள் புருஷன் உருக்குவதற்காக ஒரு கிண்ணத்தில் கறுத்த காசுகளைப் போட்டு வைத்திருந்தான். ஏதோ வயலில் உழும்போது வந்ததாம். ஒன்றை எடுத்துத் துடைத்தேன், துர்க்கை. இதை உருக்காதே என்றேன். அவன் சிரித்தான். "மட்ட வெள்ளி அம்மா இது, செம்பு கலந்தது. எடைக்கு எடை நல்ல வெள்ளி கொடு, எடுத்துக்கொள்" என்றான். இடது காலிலிருந்து கொலுசைக் கழற்றித் தராசில் வைத்தேன். இருபது கிராம் நூறு மில்லி. மறு தட்டில் ஒன்பது காசு, நூல் பிசகாமல் நின்றது. ஒரு சீட்டில் எடையை எழுதி வாங்கிக்கொண்டேன்.

"நல்ல வெள்ளியைக் குடுத்து மட்ட வெள்ளிய வாங்குன ஒரே பொம்பள நீதான்" என்று அவர் ஊர் முழுக்கச் சொன்னார். வலது கால் கொலுசு இன்னும் பெட்டியில் ஒத்தையாகக் கிடக்கிறது.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். காசைச் சுற்றியிருந்த எழுத்து என்னவென்று தெரியாமல் தூக்கம் வராது. பத்து வருஷம் கழித்து இங்கே காட்பாடி நூலகத்தில் கரோஷ்டி எழுத்து அட்டவணை ஒன்றைப் பார்த்துக் கோல நோட்டில் வரைந்துகொண்டேன். அது வலமிருந்து இடமாகப் போகும் எழுத்து. காகிதத்தைக் காசின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தெரியும். அன்று முதல் வருஷாவருஷம் அப்படித் தேய்த்தெடுத்து அதே நோட்டில் வைக்கிறேன். முதல் வார்த்தை பிடிபட நாலு மாதம். 'மஹாராஜஸ.' அடுத்தது 'த்ராதரஸ', அதாவது காப்பவனுடைய. நாம் சுலோகத்தில் 'த்ராஹி' என்று சொல்கிறோமே, அதே. மூன்றாவது பெயர். இரண்டு காசு ஸொய்லஸ் ராஜா, இரண்டு அப்பலோடோட்டஸ், ஐந்து ஸ்த்ராதோ. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பஞ்சாபை ஆண்ட கிரேக்கர்களில் கடைசிக்காரர்கள். ஸ்த்ராதோவுக்குப் பல் விழுந்து வாய் உள்ளே போயிருக்கிறது. கிழவனாகியும் காசில் முகத்தை மாற்றாமல் அப்படியே பதித்திருக்கிறான். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். நான் பொக்கை ராஜா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த அம்மனுக்கு அவர்கள் ஊரில் அத்தீனா என்று பெயராம். பெயர் எதுவாயிருந்தால் என்ன. கேடயம் வைத்திருக்கிறாள், காவல் நிற்கிறாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சங்கக் கூட்டத்துக்குக் காசுத் தட்டை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு மணிக்கே திரும்பிவிட்டார். சாப்பாட்டில் உட்கார்ந்து ரசத்தை இரண்டு முறை ஊற்றிக்கொண்டார், சாதம் இல்லாமல்.

கேட்டுக் கேட்டுத்தான் சொன்னார். செயலாளர் மார்க்கபந்து, கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்பதும் போலி என்று சொல்லிவிட்டாராம். காரணம் மூன்று. பொக்கை ராஜா காசு மூன்றில் மோவாய்க்குக் கீழே ஒரே இடத்தில் ஒரே கோடு, ஆகவே ஒரே வார்ப்பு. பழைய வெள்ளி இப்படிப் பளபளக்காது. எழுத்துகளுக்கு நடுவே வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது, அது வார்ப்படச் சாந்து.

"'ஹவில்தார் சார், பிளாஸ்டர் வாசனையே போகல, இன்னும் ஒரு வாரம் காயவிட்டிருக்கலாம்'னு சொல்றான். எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முப்பது வருஷமா பேங்க் லாக்கர்ல இருக்கு, ஒரு கை படலன்னு சொன்னேன்."

நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

பேத்தி விட்டுப்போன பூதக்கண்ணாடியை வைத்து ஜன்னலோரம் பார்த்தேன். மார்க்கபந்து சொன்னது பொய் இல்லை. மூன்று காசிலும் கோடு இருக்கிறது. மேடாக, மயிரிழை போல. பொடியும் இருக்கிறது.

பொடி என்னவென்று இங்கே எழுதத் தேவையில்லை.

விஷயம் இதோடு முடியாதாம். 30ஆம் தேதி சென்னையிலிருந்து நாணய ஆராய்ச்சி செய்த ஒரு டாக்டர் வந்து பரிசோதிப்பார். போலி என்று அவரும் சொல்லிவிட்டால் சங்கத்தின் பதிவேட்டில் படத்தோடு ஏற்றி எல்லா ஊர்ச் சங்கத்துக்கும் அனுப்புவார்கள். அதற்கப்புறம் இந்த ஒன்பதையும் எவரும் காசாகப் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பின்னால் யார் கைக்குப் போனாலும் நேராகத் தட்டானின் உருக்கும் கிண்ணத்துக்குத்தான் போகும். எதிலிருந்து நான் எடுத்து வந்தேனோ அதிலேயே.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. விளக்கு, சிமிழ், கிண்ணம் துலக்கினேன். ராஜாக்களை எடுக்கவில்லை. வேலை அதிகம்.

ஆகஸ்ட் 21, புதன்

பிள்ளையார் சதுர்த்திக்கு இன்னும் பன்னிரண்டு நாள். கொழுக்கட்டை அச்சுகளை எடுத்து வெந்நீரில் போட்டேன். என் மாமியார் காலத்து மர அச்சு ஒன்று, அதன் வயிற்றில் விரிசல். கல்யாணமான வருஷம் அது அரிசி நீளம்தான் இருந்தது. பெரியவன் பிறந்தபோது அதற்கு இரண்டு மடங்கு. போன வருஷம் விளிம்புவரை போய்விட்டது. மாவு அந்த விரிசலில் ஏறிக் கொழுக்கட்டை மேல் மேடாக ஒரு கோடு விழும். எந்த வருஷத்துக் கொழுக்கட்டை என்று கோட்டைப் பார்த்தே சொல்லலாம், யாராவது வைத்திருந்தால்.

அச்சைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டேன். தண்ணீர் கொட்டிக் காலெல்லாம் நனைந்தது.

ஓடிப்போய் மூன்று காசையும் வரிசையாக வைத்தேன். முதல் காசில் கோடு மோவாயைத் தொட்டு நிற்கிறது. இரண்டாவதில் கழுத்துவரை. மூன்றாவதில் கழுத்தைத் தாண்டி விளிம்பில் இருக்கும் எழுத்தையும் வெட்டிவிட்டது. ஒரு காசைப் பார்த்து மண்ணில் அச்செடுத்து வார்த்திருந்தால் மூன்றிலும் கோடு ஒரே நீளம்தானே இருக்கும். இது வெள்ளித் துண்டின்மேல் அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்க அடிக்க அச்சு உடைந்துகொண்டே வந்த கோடு. ஓரங்களும் மூன்றுக்கும் மூன்று விதம். ஒன்று சப்பை, ஒன்றில் அடி சாய்ந்து விழுந்து ராஜாவின் தலையுச்சி காணோம்.

பாவம் பொக்கை ராஜா. விரிசல் விட்ட அச்சை மாற்றக்கூட வழியில்லாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். எனக்கும் அந்த மர அச்சைத் தூக்கிப்போட மனசு வந்ததில்லை.

பென்சிலால் மூன்றையும் நோட்டில் தேய்த்தெடுத்துக் கோட்டின் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதினேன். இரண்டு, மூன்றரை, ஆறு. இந்த ஊரில் இதை வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். பெருமைக்காக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 24, சனி

அவர் போன் செய்து மார்க்கபந்துவை வீட்டுக்கு வரவழைத்தார். நல்ல உயரம், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். முறுக்கு வைத்தேன். நோட்டைக் காட்டியதும் முறுக்கை வைத்துவிட்டார்.

"இது யார் போட்ட படம்?"

"நான்தாங்க."

"கோடு வளருதுன்னு நீங்களாவா பார்த்தீங்க?"

"கொழுக்கட்டை அச்சுல பார்த்தேன். இதுலயும் இருந்துச்சு."

ரொம்ப நேரம் பார்த்தார். "இது நியாயமான பேச்சும்மா. கோட்டை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா பொடியை எப்படி வாங்கறது? ரசாயனம் படிச்சவன் நான், கண்ணால பார்த்ததை இல்லன்னு சொல்ல முடியாது. லாக்கர்ல கிடந்த காசுல பொடி எங்கேர்ந்து வந்துச்சு? லாக்கர்ல கிடந்தது ஏன் கறுக்கல? சொல்லுங்க ஹவில்தார் சார்."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காப்பி கொண்டுவர உள்ளே போனேன். காப்பி ஏற்கெனவே மேசையில் இருந்தது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சீட்டைத் தேடி எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்து இருக்கிறது: இருபது கிராம் நூறு மில்லி. ஒன்பதையும் முந்தானையில் முடிந்துகொண்டு தெருமுனை வெள்ளிக் கடைக்குப் போய் மின் தராசில் வைக்கச் சொன்னேன். மூன்று முறை வைக்கச் சொன்னேன்.

பத்தொன்பது கிராம் முந்நூற்று நாற்பது மில்லி.

எழுநூற்று அறுபது மில்லி குறைவு. நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். முதல் வருஷம் தேய்த்தெடுத்த படத்தில் அம்மனின் கேடயத்தில் சின்னச் சின்ன வளையம் தெரிகிறது. இப்போது கேடயம் வழவழவென்று இருக்கிறது. ராஜாவின் காது ஒன்றில் இல்லை.

இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் இருந்தும் கரையாதது. முக்கால் கிராம் ராஜாக்களை என் விபூதியும் வேட்டித் துணியும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக முற்றத்துச் சாக்கடையில் விட்டிருக்கின்றன. பக்தி என்றுதான் செய்தேன். பளபளப்பு பார்த்து நாலு பேர் "என்னமா வச்சிருக்கே" என்று சொல்வதும் பிடித்திருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

உண்மையைச் சொன்னால் காசு பிழைக்கும். ஆனால் அவர் பன்னிரண்டு வருஷமாக நெஞ்சு நிமிர்த்திப் போய் வந்த சபையில் அவர் பேச்சு பொய் என்று நானே சொன்னதாகும். அதோடு, சரித்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தவள் என்று எனக்கும் பெயர்.

அவரிடம் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "டாக்டர் கேட்டா பார்த்துக்கலாம்" என்றார். யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நூலக மாடியில் இருபது பேர். சென்னை டாக்டர் பெண்பிள்ளை, பெயர் மெஹருன்னிசா, ஐம்பது வயதிருக்கும். வந்ததும் தட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தி லென்ஸோடு குனிந்துவிட்டார். நான் கடைசி வரிசையில் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

எழுத்துக்குள்ளிருந்து ஊசி முனையால் பொடியைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்தார்.

"சாந்துதான் மேடம்" என்றார் மார்க்கபந்து.

"இருக்கலாம். காசு இவ்வளவு நாள் எங்க இருந்துச்சு?"

"லாக்கர்ல மேடம்" என்று எழுந்தார் என் வீட்டுக்காரர். "முப்பது வருஷமா..." திரும்பி என்னைத் தேடினார்.

நான் எழுந்தேன்.

"லாக்கர்ல இல்லைங்க. எங்க வீட்டுப் பூஜையறையில இருந்துச்சு. அது விபூதி. நான்தான் வெள்ளிக்கிழமைதோறும் தேய்ச்சேன். முப்பத்திரண்டு வருஷமா."

முன் வரிசையில் ஒருவர், "அர்ச்சனையும் உண்டா?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது.

"உண்டு" என்றேன். "துர்க்கைன்னு நினைச்சு ஆரம்பிச்சேன். அத்தீனான்னு தெரிஞ்ச பிறகும் நிறுத்தல. தேய்ச்சதுல முக்கால் கிராம் போயிருக்கு. வாங்கின அன்னைக்கு எடை போட்ட சீட்டு இது, செவ்வாய்க்கிழமை எடை இது. எந்தக் காசுல எது அழிஞ்சுதுன்னு நோட்டுல வருஷவாரியா இருக்கு. தப்பு என்னோடது. காசு மேல போட வேணாம்."

மார்க்கபந்துதான் முதலில் அசைந்தார். தன் பையைத் திறந்து சின்னக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு அமிலத்தைக் கண்ணாடித் துண்டின்மேல் விட்டார். குனிந்து பார்த்தார். பொடி சுற்றிலும் நுரைத்தது.

"நுரைக்குது" என்றார். "பிளாஸ்டர் நுரைக்காது. இது சாம்பல்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பக்கம் பார்த்து, "நான் சொன்னது தப்பும்மா" என்றார். அவ்வளவு பேர் நடுவில்.

டாக்டர் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பொக்கை ராஜா மூன்றையும் கலைத்துப் போட்டு, "எது முதல்ல அடிச்சது, எது கடைசி?" என்றார். விரலால் வரிசைப்படுத்தினேன். தன் லென்ஸில் சரிபார்த்துத் தலையாட்டினார்.

"ஒன்பதும் அசல். அம்மா, இனிமே தண்ணிகூடப் படக்கூடாது. நீங்க செஞ்சதைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைக்குது. ஆனா நீங்க அன்னைக்குக் கொலுசைக் கழட்டலன்னா தேயறதுக்கே ஒண்ணும் மிஞ்சியிருக்காது." பிறகு மெதுவாக, "இந்த நோட்டை நான் படம் எடுத்துக்கலாமா? இருபது வருஷத்துக்கு மேல ஒரே காசைத் தொடர்ந்து எழுதினவங்க எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல" என்றார்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கோல நோட்டு என்று முதல் பக்கத்தில் எழுதியிருப்பதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

வண்டியில் திரும்பும்போது, பாலத்துக்கு வந்ததும் அவர் சொன்னார்:

"பூஜையறைன்னா சிரிப்பாங்கன்னுதான் லாக்கர்னு சொன்னேன்."

"சிரிச்சாங்க."

"ஆமா" என்றார். கொஞ்ச தூரம் போய், "நீ நின்னியே" என்றார்.

ஆகஸ்ட் 31, சனி

முதல் நாள் கூட்டம் அதிகம். நான் போகவில்லை. வீட்டைக் கழுவிவிட வேண்டியிருந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று போனேன். அவர்தான், "நீ வந்தே ஆகணும், எனக்குப் பதில் சொல்ல முடியல" என்றார்.

நம் மேசை ஜன்னலோரம். நேற்றே அச்சடித்து வைத்திருந்த அட்டையை அவர் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'தனபாக்கியம் தொகுப்பு. 1987, பதான்கோட். கொலுசுக்கு எடைக்கு எடை மாற்றியது. விபூதியால் துலக்கப்பட்டது.' ஒரே ஒரு நாற்காலி. அதில் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தூணோரம் நின்றுகொண்டார்.

வந்தவர்களுக்கு வலமிருந்து இடமாக விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மோவாய்க் கோட்டைக் கண்டுபிடிக்கப் போட்டி போட்டார்கள். மார்க்கபந்து தானே ஆட்களைக் கூட்டி வந்து, "இவங்ககிட்ட கேளுங்க, எனக்கே இவங்கதான் சொன்னாங்க" என்றார். பட்டாளத்து நண்பர் ஒருவர் அவர் முதுகில் தட்டி, "ஏகாம்பரம், உன் காசா இதெல்லாம்?" என்றார்.

"என்னோடது இல்ல" என்றார் அவர். "நான் இவங்க வீட்டுக்காரர்."

ஐந்து மணிக்கு மேசைகளை மடிக்க ஆரம்பித்தார்கள். நான் ராஜாக்களைப் பஞ்சில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரில் குந்தி, லென்ஸைக் கையில் எடுத்து, "எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு" என்றார்.

முப்பத்திரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. பொக்கை ராஜாவை எடுத்து வைத்தேன். விரல் நகரும் பக்கமெல்லாம் லென்ஸை நகர்த்தினார்.

"மஹாராஜஸ. த்ராதரஸ. ஸ்த்ரதஸ."

"இதையா தினம் காலையில முணுமுணுப்பே? நான் ஏதோ சுலோகம்னுல்ல நினைச்சேன்."

"சுலோகந்தான்" என்றேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். அவரும் சொன்னார், இரண்டாவது வார்த்தையில் தடுக்கியது. திருத்தினேன்.